தேசப்பன் உட்காரும் பக்கம்

நோயாளியோடு துணைக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கேள்வியை நோயாளியிடம் கேட்டால் பதில் அவர்களிடமிருந்து வரும். "தலை வலிக்குதாம்மா?" என்று மருமகளைக் கேட்டால் மாமியார் தன் மூட்டுவலியைச் சொல்ல ஆரம்பிப்பார். செங்கல்பட்டில் கண் மருத்துவ மேற்படிப்புக்கு வந்த முதல் மாதத்திலேயே, "ஜெனிஃபர் டாக்டர் ரூமுக்குள்ள கும்பலாப் போகாதீங்க, கத்தும்" என்று வெளியே நிற்கும் நர்ஸ் எச்சரித்து அனுப்பும் அளவுக்கு நான் பேர் வாங்கிவிட்டேன்.

அதனால் ஆதியம்மாளுக்குப் பின்னாலேயே அவர் புருஷனும் நுழைந்தபோது நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்த மனிதர் வாயையே திறக்கவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து மனைவியின் இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால் என் மேஜை இடிக்கும். வலது பக்கம் வரச் சொன்னேன். எழுந்தார், ஆனால் வலது பக்கம் போகவில்லை. மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு அதே இடது பக்கத்தில் நின்றார்.

"அது அப்டித்தான் டாக்டரம்மா. நீ வேலயப் பாரு" என்றார் ஆதியம்மாள்.

திருவிடந்தைக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். தேசப்பன் பைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். ஆதியம்மாள் கரையில் நின்று மீன் ஏலம் விடுகிறவர். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியதே வெளியே வரிசையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வலது கண் என்னை நேராகப் பார்த்தது. இடது கண் கொஞ்ச நேரம் கூடவே நின்றுவிட்டு, பிறகு வேலை முடிந்தது போல மெல்ல நழுவி வெளிப்பக்கமாகப் போனது. போன இடத்தில் தேசப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"எப்பல இருந்து இப்படி?"

"பொறந்ததுல இருந்துன்னு வச்சுக்கயேன். முன்ன எப்பவாச்சும் போவும். இப்ப எப்பப் பாரு போயிகினு கீது. வெயில்ல நின்னா அந்தக் கண்ணு தானா மூடிக்குது, தலவலி மண்டயப் பொளக்குது."

வெளிப்பக்கம் விலகும் மாறுகண் உள்ளவர்கள் வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வது புத்தகத்திலேயே இருக்கும் விஷயம். புத்தகத்தில் இல்லாதது, ஏலம் விடுகிற பெண்ணுக்கு அது என்ன பாடு படுத்தும் என்பது. ஆதியம்மாள் விலையை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவருக்குத்தான் மீன். குப்பத்து ஆட்கள் விவரமானவர்கள்; சோத்தாங்கைப் பக்கத்துக் கண்தான் ஏலக் கண் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது நாவலூர் ஓட்டல்களிலிருந்தும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தும் பைக்கில் வரும் புது வியாபாரிகளுக்கு அது தெரியாது. போன மாதம் ஒரு பெரிய வஞ்சிரத்துக்கு ஒருவனைப் பார்த்துத் தலையசைத்தார். இடது கண் போன பக்கம் நின்றவன் தனக்குத்தான் என்றான். வெயிலில் அந்தக் கண் மூடியதை மூன்றாவது ஒருவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டான். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வஞ்சிரம் மணலில் புரண்டது.

"சண்டை இன்னா, எங்க கரையில டெய்லி சண்டதான். அந்த மூணாவது கீறானே, அவன் சொல்றான், கண்ணடிச்சுக் கூப்ட்டு ஏமாத்துறாளாம். என்னிய. கல்யாண வயசுல பொண்ணு வச்சிகினு கீறேன் நானு." குரல் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. "அதுக்கு அப்பறம் கூட்டத்த நிமிந்து பாத்து ஏலம் வுட முடியலம்மா. கண்ண நேரா வச்சுக் குடு."

நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் சங்கவிதான் விசாரித்து இங்கே அனுப்பியிருந்தாள். ஊரில் தடுத்தவர்கள்தான் அதிகமாம். மாறுகண் யோகம், அதில் கைவைத்தால் படகுக்கு மீன் விழாது என்று சொல்லியிருக்கிறார்கள். "யோகம் அவங்களுக்கு, தலவலி எனக்கான்னு கேட்டுட்டு வந்துட்டேன்" என்றார். எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போனது.

தேசப்பன் இவ்வளவுக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. துணைக்கு வந்தவர் பேசாமல் இருப்பதும் எனக்கு எரிச்சலைத் தரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மேற்படிப்புக்காக நான் செய்துகொண்டிருந்த ஆய்வுக்கு ஆதியம்மாள் அப்படியே பொருந்தினார். கண்ணை மூக்குப் பக்கம் இழுக்க ஒரு தசை, காதுப் பக்கம் இழுக்க ஒரு தசை. ஆதியம்மாளுக்குக் காதுப் பக்கத் தசை ஜெயித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சற்றுப் பின்னால் தைத்துத் தளர்த்த வேண்டும். அது எல்லாருக்கும் ஒன்றுதான். மூக்குப் பக்கத் தசையை இறுக்குவதில்தான் இரண்டு வழி. ஒன்று, தசையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தைப்பது. இன்னொன்று, வெட்டாமல் மடித்துத் தைப்பது. எது தைத்த இடத்திலேயே நிற்கிறது என்று சில வாரம் கழித்து முன்கண் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கண்ணைத் தொடவே வேண்டாம், வெளிச்சத்தாலேயே படம் எடுக்கும் மெஷின். கருவிழி முடிகிற இடத்திலிருந்து தசை ஒட்டியிருக்கும் இடம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று திரையில் அளந்துவிடலாம்.

இதை மருத்துவத் தமிழில் சொன்னால் ஆதியம்மாள் என்னை ஏலத்தில் விட்டுவிடுவார் என்று தோன்றியது. என் அம்மா பொன்னி எங்கள் ஊரில் ஜாக்கெட் தைத்துத்தான் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தார். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்.

"ஜாக்கெட் லூசா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒண்ணு, அதிகமா இருக்கிற துணிய வெட்டிட்டுத் தைக்கலாம். இல்லன்னா வெட்டாம, உள்ள மடிச்சுப் பிடிச்சுத் தைக்கலாம். அவ்வளவுதான். ரெண்டுல எது வேணும்னு நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது. கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்த சீட்டு ஒரு கவர்ல ஒட்டி இருக்கும். அதப் பிரிச்சா எது வருதோ அது. எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ரெண்டும் நல்ல வழிதான். பிடிக்கலன்னா எப்ப வேணா இதுல இருந்து விலகிக்கலாம்."

ஆதியம்மாளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அந்தக் கர்வத்துக்கு விலை பிறகு வந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன் அன்றைக்கே எடுத்தேன். சுலபமாக முடிந்தது. மூக்குப் பக்கத் தசை தெரிய வேண்டுமென்றால் கண் நன்றாக வெளிப்பக்கம் ஒதுங்க வேண்டும்; ஆதியம்மாளின் கண் கேட்காமலேயே ஒதுங்கிக் கொடுத்தது. அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனதும், வெளியே பெஞ்சில் இருந்த தேசப்பன் கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார்.

"உள்ள வரலாமா? கத்த மாட்டியே?"

நர்ஸ் சொல்லியிருக்கிறார். வரச் சொன்னேன். உட்காரவில்லை. திரையில் இருந்த படத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டார். சாம்பல் நிறத்தில் பட்டையாகத் தெரிவதுதான் தசை, இங்கேதான் கண்ணோடு ஒட்டியிருக்கிறது என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார்.

"இந்தக் கண்ணு போவுது பாரு, அந்தப் பக்கம். அங்க போயி அதுக்கு எதுனா தெரியுமா? இல்ல சும்மாப் போவுதா?"

"ஏன் கேக்கறீங்க?"

தேசப்பன் சொல்ல ஆரம்பித்தார். வாய் திறக்காத மனிதர் ஒருமுறை திறந்தால் மூடுவது கஷ்டம் போலிருக்கிறது.

"கல்யாணத்துக்கு முன்ன, அவ அவங்க அம்மாவோட கரைக்கு மீனு எடுக்க வருவா. நான் வலையில மாட்டுன நண்டத் தட்டிகினு இருந்தேன். நிமிந்து பாக்கறேன், என்னியே பாத்துகினு கீறா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கறேன், அப்பவும் பாத்துகினு கீறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நேரா எங்க நைனாகிட்டப் போயி, இந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டேன். கல்யாணம் ஆயி ரொம்ப நாள் கழிச்சு ஒருவாட்டி கேட்டேன். சொல்றா, 'உன்னியா? நான் எப்பயா உன்னப் பாத்தேன்? நெத்திலிக்கு வெல பேசிகினு இருந்தேன்'றா."

நான் சிரித்துவிட்டேன். "அடப்பாவமே. ஏமாந்துட்டீங்களா?"

"இன்னா ஏமாந்தேன்?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு கண்ணு வெல பேசிச்சு. ஒரு கண்ணு என்னப் பாத்துச்சு. அவளுக்குத் தெரியல, கண்ணுக்குத் தெரிஞ்சுகீது."

அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம்தான். சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் கோயிலிலும் ஆதியம்மாளின் இடது பக்கத்தில்தான் உட்காருவார். ஆதியம்மாள் யாரோடாவது மல்லுக்கு நின்றுகொண்டிருப்பார், மகளைத் திட்டிக்கொண்டிருப்பார். இடது கண் மட்டும் இவர் பக்கம் வந்து நிற்கும். "வாயத் தொறந்தா நம்மகிட்ட ஒரு நல்ல வார்த்த கெடயாது. அது அவ சுபாவம், வுடு. ஆனா அந்தக் கண்ணு வந்துடும். நான் போட்டுல போயிட்டு பேஜாராயி வருவேன், மீனு இருக்காது ஒண்ணும் இருக்காது. அவ மூஞ்சத் திருப்பிக்குவா. கண்ணு வந்துடும். அத்த வச்சுத்தான் நான் ஓட்டிகினு கீறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நெசமா சொல்லும்மா. அது என்னப் பாக்குதா, இல்லியா?"

இப்படி ஒரு கேள்வியை எந்தத் தேர்விலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. நல்லவேளை, பொய் சொல்ல அவசியமும் இல்லை.

"விலகிப் போன கண்ணோட நடுப் பார்வைய மூளை நிறுத்தி வச்சுடும். இல்லன்னா எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும். ஆனா ஓரப் பார்வை வேலை செய்யும். உங்க முகம் தெளிவாத் தெரியாது. நீங்க இருக்கீங்க, அசையறீங்க, எழுந்து போறீங்கன்னு தெரியும். சொல்லப் போனா நம்மள விட அவங்களுக்கு அந்தப் பக்கம் அகலமாவே தெரியும்."

"அப்ப பாத்துகினுதான் இருந்துகீறா" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "ஆபரேஷன் ஆயிடுச்சுன்னா?"

"அந்த அகலம் கொஞ்சம் குறையும்."

தலையை ஆட்டிக்கொண்டார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. பாவம், ஆசையா வந்துகீறா. ஆனா வெட்டாத. அந்தப் பிடிச்சுத் தைக்கிறதையே தையி." கத்திக்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சீட்டில் வருவதுதான் என்று மறுபடியும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஆதியம்மாள் வார்டில் சேர்ந்தார். கவரைப் பிரித்தேன். வெட்டித் தைப்பது என்று இருந்தது. கட்டிலருகே போய்ச் சொன்னேன். ஆதியம்மாள் சரி என்றார். இடது பக்கத்திலிருந்து தேசப்பன், "அது ஆவாது" என்றார்.

"எது ஆகாது?"

"கன்னியம்மன் கோயில்ல பூப்போட்டுப் பாத்துட்டோம். செவப்பு வந்தா வெட்டு, வெள்ள வந்தா மடிப்புன்னு வச்சேன். பூசாரி எடுத்தாரு. வெள்ளப் பூ. அம்மன் மடிப்புதான்னு சொல்லிடுச்சு. நீ கவர மாத்திக்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை நாள் உட்கார்ந்து, எவ்வளவு அனுமதி வாங்கி, யாருடைய விருப்பமும் கலக்காமல் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் குலுக்கி ஒட்டி வைத்த கவர். அதற்கு மேல் ஒரு அரளிப் பூ. அங்கே கத்தினால் வார்டு முழுக்கக் கேட்கும் என்று நேராக சாலமோன் சாரிடம் போனேன். அவர்தான் என் வழிகாட்டி, ஆபரேஷன் செய்யப்போகிறவரும் அவர்தான். குரல் உயர்த்தியே பேசாத மனிதர். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா ஜெனிஃபர், நம்மளுதும் குலுக்கல்தான், அவங்களுதும் குலுக்கல்தான். நமக்குக் கம்ப்யூட்டர் குலுக்குது, அவங்களுக்கு அம்மன் குலுக்குறா. ஆனா ஆய்வுக்கு நம்ம குலுக்கல்தான் செல்லும். அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா ஆய்வுல இருந்து எடுத்துடு. மடிச்சுத் தைச்சுக் குடுத்துடலாம், அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா யாரு கண்ணோ அவங்களக் கேட்டியா? அப்புறம், அவர் ஏன் மடிப்பு மடிப்புன்னு நிக்கிறாருன்னாவது கேட்டியா?"

ஆதியம்மாள் சரி என்றதை நான் மறந்தே போயிருந்தேன்; காரணத்தைக் கேட்கவே இல்லை. திரும்பிப் போய்க் கேட்டேன், கொஞ்சம் காட்டமாகவே. "அம்மனை விடுங்க. உங்களுக்கு ஏன் மடிப்புதான் வேணும்?"

தேசப்பன் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீதானம்மா சொன்ன, ஜாக்கெட்டு மாதிரின்னு. வெட்டிட்டா போச்சு. மடிச்சுத் தைச்சா, வேணும்ன்றப்போ தையலப் பிரிச்சு வுட்டுக்கலாம்ல? எங்க வூட்டுல சங்கவி ஜாக்கெட்டெல்லாம் இவ அப்டித்தான் பிரிச்சுப் பிரிச்சு வுட்டா."

என் அம்மா தைக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பார். பின்னால் பிரித்துக்கொள்வதற்குத்தான். ஜாக்கெட் என்று நான் சொன்னால், ஜாக்கெட் போடுகிற வீட்டில் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? அது உடம்பு, துணி இல்லை. மடித்துத் தைத்ததையும் முதல் ஓரிரு நாளுக்குள் வேண்டுமானால் பிரிக்கலாம், அதற்குப் பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், எந்தக் காலத்திலும் பழையபடி ஆகாது என்று விளக்கினேன். தேசப்பனின் முகம் விழுந்துவிட்டது.

ஆதியம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாத்தப் பிரிக்கிறது? சங்கவி நைனா, உன்னத்தான் கேக்கறேன். தச்சத எதுக்குப் பிரிக்கணும்?"

அந்த அம்மா விடுவதாக இல்லை. மறுபடியும் கேட்டார், கரையில் கேட்பது போல. தேசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, வார்டே கேட்கும்படி, "அந்தக் கண்ணு என்னுதுமே" என்றார். "சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல நீ ஊரப் பாக்கற. இது என்னப் பாக்குற கண்ணு. அத்தையும் ஊருக்கே திருப்பி வுட்டுட்டா, நான் எங்க குந்தறது?"

பக்கத்துக் கட்டிலில் கண்ணில் கட்டோடு படுத்திருந்த ஒரு பாட்டிகூடத் தலையைத் திருப்பினார். எனக்குத் தெரிந்து ஆதியம்மாள் வார்த்தைக்குத் தடுமாறியது அந்த ஒரு தடவைதான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"யோவ். தாலி கட்டறப்போ மூணு முடிச்சு போட்டியே, பின்னால அவுக்கறதுக்கு வாட்டமாவா போட்ட?"

"இல்ல" என்றார் தேசப்பன்.

"அப்பறம் எனக்கு மட்டும் அவுக்கற தையலு எதுக்கு?"

"அம்மன் வெள்ளப் பூ..."

"அம்மன் ஆபரேஷன் நல்லா ஆவும்னு சொல்லிச்சு. தையல் மெஷினு வேலயெல்லாம் போயி அதுங்கிட்டக் கேப்பியா? நீ போட்டுல ஏறறப்போ, அம்மன எந்தக் கயிறுன்னு கேட்டா கட்டற?" என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, உன் சீட்டுல இன்னா வந்துச்சோ அத்தப் பண்ணு. இதுக்கு மேல யாரும் எதுவும் பேசக்கூடாது."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றதால் எனக்குத் தெரிந்தது: முகம் திரும்பியிருந்தாலும் இடது கண் மெல்ல நழுவி, தேசப்பன் இருந்த பக்கமாக வந்து நின்றது. தேசப்பனும் பார்த்துவிட்டார். அடுத்த நாள் காலையில் அதைச் சரிசெய்யப் போகிறவர்கள் நாங்கள்தான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. சாலமோன் சார் காதுப் பக்கத் தசையைப் பின்னால் தள்ளித் தைத்தார், மூக்குப் பக்கத் தசையை வெட்டிக் குறைத்துத் தைத்தார், நான் கூட நின்றேன். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது கண் செக்கச் செவேலென்று இருந்தது. ஆனால் நேராக இருந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து என்னைப் பார்த்தன. இத்தனை வருஷத்தில் அந்த முகம் இப்படி இருந்ததே இல்லை என்று எனக்கு ஒரு பெருமை.

"தெரியுதா ஆதியம்மா?"

"தெரியுது." வார்டைச் சுற்றிப் பார்த்தார். "சங்கவி நைனா எங்கம்மா? நாஸ்தா வாங்கப் போய்கீறாரா?"

தேசப்பன் அங்கேயேதான் இருந்தார். இடது தோளுக்குச் சற்றுப் பின்னால், வழக்கமான இடத்தில். "நான் இங்கதான் கீறேன்" என்றார்.

ஆதியம்மாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணைக் கசக்கப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன். "ஐயய்யோ, ரெண்டு பேரு நிக்கறீங்களேயா. ஒரு ஆளையே என்னால மேய்க்க முடியல" என்றார். சில பேருக்கு முதலில் அப்படி இருக்கும், இதுவரை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கி வைத்திருந்த மூளைக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னேன். வார்டு சிரித்தது. தேசப்பனும் சிரித்தார். சிரித்துவிட்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போனவர் நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.

சில வாரம் கழித்து ஸ்கேனுக்கு வந்தார்கள். கண்ணில் சிவப்பு போய்விட்டது. இரட்டையாகத் தெரிவதும் நின்றுவிட்டது. ஏலத்தைப் பற்றி ஆதியம்மாள் ஆசை ஆசையாகச் சொன்னார். வெயிலில் கண் மூடுவதில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் யாருக்கு என்று எதிரில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த மூன்றாவது ஆள் இப்போது, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறான். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. அந்தாளுதான் செரியில்ல. பக்கத்துல வந்து குந்தறதே இல்ல. சோறு போட்டா தட்ட எடுத்துகினு வாசப்படிக்குப் போயிடறாரு. நேத்து பஸ்ஸுல எடம் இருந்துச்சு, பின்னால போயி நின்னுகினு வராரு. இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. ஆபரேஷன் எனக்கா அவருக்கான்னே தெரியல."

"இப்ப எங்க?"

"வெளிய பெஞ்சுல."

ஆதியம்மாளை மெஷின் முன்னால் உட்கார வைத்தேன். தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். தலை அசையக் கூடாது. புதிதாகத் தைத்த தசை படத்தில் விழ வேண்டுமானால் கண் மட்டும் முழுக்க இடது பக்கம் போய், இமைக்காமல் நிற்க வேண்டும். அந்தப் பக்கச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தேன். "அதையே பாருங்க" என்றேன். பார்த்தார். படம் எடுப்பதற்குள் கண் நடுவுக்கு ஓடி வந்துவிட்டது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் ஓடி வந்தது. நேராக நிற்கப் பழகிய கண்ணுக்கு இப்போது நேராக நிற்பதுதான் பிடித்திருந்தது. திரையில் தசையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, கலங்கல்தான்.

"இன்னா ஆதியம்மா, ஒரு பொட்ட கொஞ்ச நேரம் பாக்க முடியாதா?" என்று கத்தியேவிட்டேன். கோபத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"அதுல பாக்கறதுக்கு இன்னா கீது? கொசு ஒக்காந்த மாதிரி கீது" என்றார் அவரும்.

நியாயம்தான். கதவைத் திறந்து தேசப்பனைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தவரை அந்தப் பொட்டை மறைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். "அசையாதீங்க. ஆதியம்மா, தலையத் திருப்பக் கூடாது. கண்ண மட்டும் திருப்பி அவரப் பாருங்க."

இரண்டு கண்ணும் சேர்ந்து இடது பக்கம் போயின. போய் நின்றன. ஓடி வரவில்லை, நடுங்கவில்லை, இமைக்கவும் இல்லை. திரையில் தசை கோடு போட்ட மாதிரித் தெளிவாக வந்து விழுந்தது. தைத்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. இதுவரை நான் எடுத்ததிலேயே அவ்வளவு சுத்தமான படம் இல்லை. அளந்துகொண்டேன்.

"போதும் ஆதியம்மா. படம் வந்துடுச்சு. எடுத்துக்கலாம்."

அவர் தாடையை எடுக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. தேசப்பன் வேட்டியைச் சரிசெய்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் ஒருசேர இத்தனை நேரம் அவரை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

"அதான் ஆயிடுச்சுன்றாங்களேமே. இன்னும் இன்னாத்துக்குப் பாத்துகினு கீற?"

"முன்ன அது தானா வந்துச்சு உன்னாண்ட. எனக்கே தெரியாது" என்றார் ஆதியம்மாள். "இப்ப நானாப் பாக்கறேன். நில்லுயா அங்கயே."

தேசப்பன் நின்றார்.